பிரஜைகள் இல்லாத கமிஷனர்!

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் வந்து இறங்கும். உப்புப் போடுவார்கள், சுண்ணாம்பில் ஊற வைப்பார்கள், முடி நீக்குவார்கள். எல்லாம் ஆட்டுத் தோல், மாட்டுத் தோல். வளர்ப்பவர் இருக்கும் வரை ஆடு மாட்டுக்குப் பஞ்சமில்லை.

வளர்ப்பவரே இல்லாத பிராணியின் தோலுக்கு விலை வந்துவிட்டால்? தெற்கு ஜார்ஜியா தீவில் அதுதான் நடந்தது.

கேட்பாரற்ற தீவு

தென் அமெரிக்காவின் தென்கோடிக்குக் கிழக்கே, தென் துருவப் பக்கம் ஒரு பொட்டுப் போலத் தெரியும் தீவு அது. பாதிக்கு மேல் பனிக்கட்டி. 1775-ல் அங்கே இறங்கிய காப்டன் குக், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்டினார். கரையில் 'சீல்' என்னும் கடல்நாய்கள் ஏராளம் என்றும் எழுதி வைத்தார். போதாதா? கப்பல்கள் புறப்பட்டன!

கடல்நாயின் ரோமத் தோல் மெத்தென்றிருக்கும். சீனாவில் நல்ல விலை. கரையில் கும்பலாகப் படுத்திருக்கும் பிராணியைத் தடியால் அடித்தே கொன்றார்கள். 1800-ல் போன ஒரே ஓர் அமெரிக்கக் கப்பல் 57,000 தோல்களுடன் திரும்பிற்று. 1820-களில் அங்கே சென்ற வெட்டல் என்ற மாலுமி, அதற்குள் 12 லட்சம் தோல்களாவது போயிருக்கும் என்று கணக்குச் சொன்னார். தாய் போனால் பால் குடிக்கும் குட்டியும் போயிற்று. "ஏன்?" என்று கேட்க அங்கே ஒரு தலையாரிகூட இல்லை. கடல்நாய் அநேகமாகப் பூண்டோடு அழிந்தது.

1909-ல்தான் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. அவர் பெயர் ஜேம்ஸ் இன்னஸ் வில்சன். அப்போது அங்கே திமிங்கில வேட்டை நடந்துகொண்டிருந்தது. அதிகாரி வந்தார், வேட்டை நிற்கவில்லை. லைசென்ஸ் பணம் வந்துகொண்டிருந்ததே! 1904 முதல் 1965 வரை அங்கே அறுபட்ட திமிங்கிலங்கள் சுமார் 1,75,000.

கமிஷனருக்கு என்ன வேலை?

1982-ல் அர்ஜென்டினா தீவைப் பிடித்தது. அதே மாதத்தில் பிரிட்டன் மீட்டது. 1985-ல் இது தனிப் பிரதேசமாகி, கமிஷனரின் ஆட்சிக்கு வந்தது. அவரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஜனங்கள் இருந்தால்தானே! லண்டன் நியமிக்கிறது. அவர் குடியிருப்பதும் அங்கே அல்ல. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, பாக்லாந்து தீவுகளின் கவர்னராக இருப்பவரே இதற்கும் கமிஷனர். தீவுக்கு விமானம் கிடையாது. கப்பலில் இரண்டு மூன்று நாள் போக வேண்டும். சில அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் மட்டும் முறை வைத்து அங்கே தங்குகிறார்கள்.

வாயில்லாத ஒன்றுக்காக அதிகாரி என்பது பாலாற்றங்கரைக்குப் புதிதல்ல. தோல் கழிவால் ஆறு கெட்டது பற்றிய வேலூர் வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, நஷ்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது. இங்கே கோர்ட்டுக்குப் போக ஜனங்கள் இருந்தார்கள். அங்கே மனுப் போடக் கடல்நாயால் முடியுமா?

கஜானாவுக்குப் பணம், மீன்பிடி லைசென்ஸ், உல்லாசப் பிரயாணிகளின் கட்டணம், தபால் தலை ஆகியவற்றிலிருந்து வருகிறது. பழைய வேட்டைக் கப்பல்களில் வந்து பறவைக் குஞ்சுகளைத் தின்று கொழுத்த எலிகளுக்கு, ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவு தூவினார்கள். 2018-ல் தீவில் எலியே இல்லை என்று அறிவித்தார்கள். இறங்கும் பிரயாணி பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, அடியில் ஒரு புல் விதைகூட ஒட்டவில்லை என்று காட்ட வேண்டும். ஆம்பூர் பூட்ஸானாலும் சரி, லண்டன் பூட்ஸானாலும் சரி!

கடல்நாய்கள் மீண்டும் லட்சக்கணக்கில் பெருகிவிட்டன. குட்டி போடும் பருவத்தில் சில கரைகளில் கால் வைக்க இடம் இருக்காது. ஆண் கடல்நாய்கள் பல்லைக் காட்டிச் சீறும். பிரயாணிகளின் படகு கரை சேராமலே திரும்பிவிடும்.