கலர் குஞ்சும் 60 வாட் அம்மாவும்

தெருவில் சைக்கிள் மணியோடு 'கீச் கீச்' சத்தமும் சேர்ந்து கேட்டால் வீட்டுக்கு வீடு மூன்று விஷயம் நிச்சயம் நடக்கும். குழந்தை அழும். அப்பா பர்ஸைத் தடவுவார். அம்மா, "வாங்குறதுன்னா வாங்குங்க... ஆனா எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும், சொல்லிட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் பச்சையில் ஒன்று, ரோஸில் ஒன்று என இரண்டு கோழிக்குஞ்சுகள் ஷூ பெட்டிக்குள் குடியேறிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் பெட்டியில் சத்தம் இருக்காது. "குஞ்சு அதோட அம்மாகிட்ட போயிடுச்சு கண்ணா" என்று ஒரு பொய். செடி ஓரத்தில் ஒரு சின்னக் குழி. பல குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கிற முதல் சாவு இதுதான். "அம்மாகிட்ட போச்சுன்னா ஏன் மண்ணைப் போட்டு மூடறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அந்தக் குஞ்சைப் பிழைக்க வைப்பது ரொம்ப சுலபம்.

முதலில், இந்தக் கலர் எங்கேயிருந்து வருகிறது? எந்தக் கோழியும் பச்சையாகக் குஞ்சு பொரிப்பதில்லை சார்! நாமக்கல் பக்கத்தில் இருக்கிற மாதிரியான முட்டைப் பண்ணைகளுக்காகப் பொரிக்கிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். சேவல் முட்டை போடாது. சரி, கறிக்காவது ஆகுமா? பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். அதே ஆறு வாரத்தில் இந்த ஜாதி அரைக் கிலோவுக்கே மூச்சு வாங்கும். பி.காம். பாஷையில் சொன்னால் வாராக்கடன்! பிறந்த அன்றே பின்பக்கத்தைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று பிரிக்கிற வித்தையை 1920-களில் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து சேவல் குஞ்சின் ஜாதகம் முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. அப்படித் தள்ளுபடியான சரக்கில் ஒரு பகுதிதான் சாயத்தில் நனைந்து, கூடை ஏறி, உங்கள் வாசலுக்கு வருகிறது.

பசியில்தான் சாகிறது என்று நினைத்துக்கொண்டு நாம் அரிசியை வாரி இறைக்கிறோம். உண்மையில் ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு முன்பே மிச்சமுள்ள மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாய் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு! அதை வைத்து இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அதை முக்கியமாகக் கொல்வது குளிர். மேலே இருப்பது வெறும் பஞ்சு, இறகு இல்லை. முதல் பத்து, பதினைந்து நாள் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. கிராமத்தில் தாய்க்கோழி இறக்கையை விரித்து உட்கார்ந்தால் வேலை முடிந்தது. கோழியின் உடம்புச் சூடே 106 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அப்படி இருந்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும்!

ஆக, குஞ்சுக்கு அவசரத் தேவை ஓர் அம்மா. பண்ணைக்காரர்கள் இந்தச் செயற்கை அம்மாவை 'புரூடர்' என்பார்கள். வீட்டிலேயே செய்துவிடலாம்.

பெட்டி: ஷூ பெட்டி உதவாது. டி.வி., வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். பத்துக் குஞ்சுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம் தாராளம். உயரம் ஒன்றரை அடி. குளிரினாலோ பயத்தினாலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் நாலு மூலையிலும் அட்டையை வளைத்து ஒட்டி, மூலையே இல்லாமல் செய்துவிடுங்கள். பக்கச் சுவரில், மேல் பாகத்தில், காற்றுப் போக ஓட்டைகள். மேலே கம்பி வலை கட்டாயம். பூனை, எலி, காக்கா மூன்றுக்கும் உங்கள் வீட்டு அட்ரஸ் ஏற்கெனவே தெரியும்.

படுக்கை: ரைஸ்மில்லில் கிடைக்கிற நெல் உமி இரண்டு அங்குலம் பரப்புங்கள். முதல் மூன்று நாள் அதன்மேல் பழைய சாக்கு. இல்லாவிட்டால் உமியையே சாப்பாடு என்று கொத்தும். வெறும் வழவழ பேப்பர் மட்டும் போட்டால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்து முடமாகிவிடும்.

அம்மா: 60 வாட் குண்டு பல்பு ஒன்று. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டிலிருக்கிற எல்.ஈ.டி. பல்பை மாட்டிவிட்டு, "பளிச்சுனு எரியுதே, அப்புறமும் ஏன் செத்துச்சு?" என்கிறார்கள். எல்.ஈ.டி. குஞ்சை வாட்டுகிற அளவுக்குச் சூடு தராது. அதுதான் அதன் பெருமையே! பழைய குண்டு பல்பு தின்கிற கரண்டில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும். அந்த வீண்தான் நமக்கு வேண்டும். எலக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

பல்பைப் பெட்டியின் நடுவில் மாட்டாதீர்கள். ஒரு பக்கமாக, உமியிலிருந்து ஓர் அடி உயரத்தில், குறுக்குக் கம்பியில் கெட்டியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒயரை மட்டும் நம்பினால் ஒருநாள் பல்பு உமியில் விழும். அப்புறம் பாக்க வேண்டியது குஞ்சை இல்லை, ஃபயர் சர்வீஸை! அட்டையோ துணியோ பல்பைத் தொடவே கூடாது.

முதல் வாரம் பல்புக்குக் கீழே 95 டிகிரி. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்தால் போதும். பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினால் தானாகக் குறையும். தெர்மாமீட்டர் இல்லையா? கவலை வேண்டாம், குஞ்சுகளே தெர்மாமீட்டர்தான். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். தூரப்போய் வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கப்போட்டால் சூடு ஜாஸ்தி. ஒரே ஓரத்தில் ஒதுங்கினால் எங்கேயோ காற்று அடிக்கிறது. பெட்டி முழுக்கப் பரவி, மேய்ந்து, தூங்கினால் நீங்கள் பாஸ்! மே மாசத்துச் சென்னையில் பகலில் பல்பே தேவைப்படாது. ராத்திரிக்குப் பார்த்துக்கொண்டால் போதும்.

கரண்ட் கட் ஆனால்? வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துணி சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர், தீனி: வந்தவுடன் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி. ஆறவைத்த தண்ணீரில் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் மூக்கையும் மெதுவாகத் தொட்டு எடுங்கள். ஒரு தடவை காட்டினால் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். அரை அங்குலத் தண்ணீரில்கூட விழுந்து நனைந்து விறைத்துப்போகிற ஜீவன் இது.

வெறும் நொய்யரிசி போட்டு வளர்க்க முடியாது. கோழித்தீவனக் கடையில் 'சிக் ஸ்டார்ட்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் சுமார் 20 சதவிகிதம் புரதம் இருக்கும். கிடைக்கிறவரைக்கும் உடைத்த கம்பும், வேகவைத்து உதிர்த்த முட்டையும் கொடுக்கலாம். (முட்டையா என்று முகம் சுளிக்காதீர்கள். உள்ளே இருந்தபோதும் அதைத்தான் சாப்பிட்டது!)

தினமும் தூக்கிப் பாருங்கள். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட வேண்டும். உமி ஈரமானால் உடனே மாற்றுங்கள். ரத்தக்கழிச்சல் வர ஈரம்தான் வழி. ஒரு வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். குஞ்சைத் தொட்ட பிறகு குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பதெல்லாம் கூடவே கூடாது. கோழி எச்சத்தில் இருக்கிற கிருமி நம் வயிற்றையும் பதம் பார்க்கும்.

இப்போது கணக்கு. 60 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். நம்ம ஊர் வெப்பத்துக்கு மூன்று வாரம் போதும். ஆகமொத்தம் சுமார் 30 யூனிட். இதில் இரண்டு குஞ்சு வளர்த்தாலும் அதே செலவு, பத்து வளர்த்தாலும் அதே செலவு. ஒற்றைக் குஞ்சு மட்டும் வாங்காதீர்கள். துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

மூன்று வாரத்தில் பஞ்சு உதிர்ந்து வெள்ளை இறகு எட்டிப் பார்க்கும். "என் பச்சைக் குஞ்சை யாரு மாத்தினது?" என்று வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். சமாளியுங்கள். சமாளிக்க முடியாதது அதற்கு அப்புறம் வருகிறது. சில மாதத்தில் அது கொண்டையும் கம்பீரமுமாக நின்று, விடியற்காலை நாலு மணிக்குத் தெருவையே எழுப்பும். ஃபிளாட்காரர்கள் சங்கம் அவசரக் கூட்டம் போடும். மாமியாரோ, "நல்லா வளந்திருக்கே..." என்று மிளகாய்த் தூள் டப்பாவைப் பார்ப்பார். பெயர் வைத்துச் சோறு போட்ட குழந்தையின் முன்னால் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் குழியைவிட அது பெரிய குழி.

அதனால் வாங்குவதற்கு முன்பே முடிவு பண்ணுங்கள். தோட்டமுள்ள வீடா, ஊரில் கோழி வளர்க்கிற சித்தப்பா இருக்கிறாரா, இல்லை, கடைசிவரை நீங்களே வைத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் குழந்தையிடம் "வேண்டாம்டா" என்று சொல்லிவிடுங்கள். அழும். அரை மணி நேரத்தில் நின்றுவிடும்.

பதில் இருந்தால் தயங்காதீர்கள். கூடைக்காரர் வருவதற்கு முதல் நாளே பெட்டியைச் செய்து, பல்பைப் போட்டு, உமி சூடாகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அம்மா தயாரான பிறகு பிள்ளை வரட்டும்!