முற்றுகைக்குள் எழுதிய காணி உறுதி

சின்ன வயதில் விசுவாசம் நமக்குப் பாரமாக இருக்கவில்லை. அம்மா முழந்தாளிட்டால் நாமும் முழந்தாளிட்டோம். மழைக்காகச் செபித்தோம், பெய்தால் நன்றி சொன்னோம். வளர்ந்து, விதைத்த வயலை விட்டு ஓடவேண்டி வந்தபின், அதே செபம் வாயில் வர மறுக்கிறது. “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று யாராவது சொன்னால் சிலவேளை கோபமும் வருகிறது. அப்படியானால் எளிய விசுவாசம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதா?

விவிலியத்தில் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்ப்போம். அது ஒரு காணி வாங்கிய கதை.

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டு நின்றது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா இறைவாக்கினர் அரண்மனைக் காவல்கூடத்தில் அடைபட்டிருந்தார். அவ்வேளை அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் அனமேல் வந்து, அனாத்தோத்து ஊரிலிருந்த தன் நிலத்தை வாங்கும்படி கேட்டான். நாடே பறிபோகும் நேரத்தில் யார் காணி வாங்குவார்? எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதிக் கையொப்பமிட்டார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்கை அவர் நம்பினார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, நிலைமை எவ்வளவு மோசம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நம்பினார்.

இரண்டாவது, உறுதியை ஒப்படைத்த பின்னர் தம் மனக்குழப்பத்தைக் கடவுளிடமே கொட்டினார். பகைவன் மதிலடியில் நிற்கும்போது காணி வாங்கச் சொன்னது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்பதுபோல அவரிடமே போய்க் கேட்பதும் விசுவாசந்தான்.

மூன்றாவது, அக்காணியில் அவர் குடியிருந்ததாக விவிலியம் சொல்லவில்லை. நகரம் விழுந்தது, பின்னர் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். பாரசீக அரசர் சைரசு மக்களை ஊர்திரும்ப அனுமதித்தது சுமார் 50 ஆண்டுகளின் பின், கி.மு. 538இல்.

நம்மவர் நிலையும் இதற்குத் தூரமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் ஊரைக் காணாமலே கண்மூடியோர் உண்டு. போர் 2009இல் முடிந்தும் எல்லோருக்கும் காணி திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே, “செபித்தால் அடுத்த மாதம் வீட்டுக்குப் போகலாம்” என்று நாம் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கடவுள் நம்மை மறக்கவில்லை என்று நம்பி, இன்று செய்யக்கூடியதைச் செய்வதே வளர்ந்தவரின் எளிய விசுவாசம்.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றை நனையாத உறையில் வைப்போம். பிரதி ஒன்றை உறவினர் வீட்டில் வைப்போம். பதிவுசெய்த உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் விசாரிக்கவேண்டும். வேலி எதுவரை, கிணறு எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

இரவில் செபம் வராவிட்டால், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுவோம். “இன்று என்னால் நம்ப முடியவில்லை, கைவிடாதேயும்” என்பதும் செபமே.