தலைகீழ் படமும் சோம்பேறிக் கண்ணும்

உங்கள் கண்ணுக்குள் விழும் படம் தலைகீழானது, தெரியுமா? நம்பிக்கை இல்லையென்றால், பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். வெளியே நிற்கும் மரம் சுவரில் குட்டியாக, தலைகீழாக விழும். கண்ணிலும் இதே கதைதான். முன்பக்கத்துக் கார்னியாவும் உள்ளேயுள்ள லென்சும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கின்றன. (வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவின் வேலை. பேர் மட்டும் லென்சுக்கு!) அங்கிருந்து சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் வழியே சேதி மூளைக்குப் போகிறது. நேராகப் புரிந்துகொள்வது மூளைதான்.

வில்லங்கமும் அங்கேதான். குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமிருந்தால் அதில் படம் மங்கலாக விழும். மூளை, 'இது எதுக்கு?' என்று அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணையே நம்பும். நாளடைவில் அந்தக் கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். குழந்தை வாயே திறக்காது. இன்னொரு கண்தான் நல்லாத் தெரிகிறதே!

விளையாட்டுப் போல ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கினாலோ, கையைத் தட்டிவிட்டாலோ கண் டாக்டரிடம் போய்விடுங்கள். 7 வயதுக்குள் கண்ணாடி போட்டு, டாக்டர் சொல்கிற நேரம் நல்ல கண்ணை மறைத்து வைத்தால் பெரும்பாலும் பார்வை தேறிவிடும். வயது ஏற ஏறக் கஷ்டம். "பொம்பளைப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியா?" என்று பாட்டி முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும்.