வட்டு தேய்ந்தால் சாட்சி யார்?

பெங்களூர் சிவாஜிநகரில் 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிப் பொழுது புலருமுன்பே காய்கனி மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். அவற்றைத் தலையிலும் முதுகிலும் சுமப்போருக்கு இடுப்புவலி புதிதல்ல. வலி முற்றினால் அவர்களுக்கு அருகிலிருப்பது பௌரிங் அரசு மருத்துவமனை. அந்த வலிக்கு எம்.ஆர்.ஐ. படம் சாட்சி சொல்லுமா என்பது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல. தில்லியில் இயற்றப்பட்ட சட்டத்தோடும் தொடர்புடையது.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுக்கு ரத்த நாளங்கள் அநேகமாக எட்டுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகள் வழியே கசிந்துதான் அதற்கு ஊட்டம் சேர வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் வட்டு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் நீர் நிறைந்த வட்டு வெளுப்பாகவும், வற்றியது கறுப்பாகவும் தெரியும். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், ரத்தத்தில் செலுத்திய காடோலினிய மருந்து வட்டுக்குள் பரவும் விதத்தைத் தொடர் படங்களில் பின்தொடர்ந்தனர். தகடு பழுதானால் பரவும் முறையே மாறுவது தெரிந்தது. இதற்கு 2004-ல் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. 2013-ல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வில், வட்டு பிதுங்கிய 181 பேரில் 117 பேருக்குத் தகடும் வட்டும் சேருமிடத்திலேயே சிதைவு இருந்தது. உறை கிழிவதே முதற்காரணம் என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது.

ஆனால் படத்தை முழுதாக நம்பிவிடவும் முடியாது. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வின்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. 'வயதானால் வருவதுதானே' என்று வேலை கொடுத்தவர் கைவிரிக்க இது போதும்.

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாவது அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோய்கள் 29. ஈய நச்சு உண்டு, சிலிகோசிஸ் உண்டு, இரைச்சலால் காது மந்தமாவதும் உண்டு. முதுகுக்கு இடமில்லை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலை அடியொற்றியதால் வந்த விடுபாடு இது. ஆலைத் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதிய பட்டியலில் சந்தைச் சுமையாளர் எப்படி வருவார்?

ஜெர்மனி 1993 முதல், பல்லாண்டு பாரம் சுமந்ததால் வரும் இடுப்பு வட்டு நோயைத் தொழில்நோயாக ஏற்கிறது. அங்கும் படம் மட்டும் போதாது. சுமந்த எடை, ஆண்டுகள் கணக்கிடப்படுகின்றன. தேய்மானம் வயதுக்குரிய அளவை மீறியதா என்றும் பார்க்கப்படுகிறது.

இங்கே தினக்கூலிக்கு மூட்டை தூக்குபவர் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோ சுமந்தார் என்று எழுதிவைப்பார் பெரும்பாலும் எவருமில்லை. பலருக்கு முதலாளி இன்னார் என்பதே நிச்சயமில்லை.