களைத்த கால், கடைசிச் சரிவு

வட இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லா ரோண்டா என்றொரு பனிச்சறுக்குச் சுற்று உண்டு. நான்கு கணவாய்கள், லிஃப்டில் போகும் தூரத்தையும் சேர்த்தால் சுமார் 40 கிலோமீட்டர். மாலையில் லிஃப்ட் நின்றுவிட்டால் வேறொரு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டு டாக்சிக்குத் தண்டம் அழ வேண்டியதுதான். அந்தப் பயத்தில் பலர் ஓய்ந்த காலோடு கடைசிச் சரிவில் விரைகிறார்கள்.

களைப்பு முதலில் கெடுப்பது திருப்பத்தைத்தான். ஒரு திருப்பம் முடிந்து அடுத்தது தொடங்குகையில், பலகைகள் ஒருபக்க விளிம்பை விட்டு, ஒரு கணம் தட்டையாகி, மறுபக்க விளிம்பால் பனியைக் கவ்வ வேண்டும். தொடை சோர்ந்தால் இடுப்பு பின்னால் சாயும், எடை குதிகாலுக்குப் போகும், பலகையின் முன்முனை பிடிக்காது. ஆள் தோளை முறுக்கித் திருப்பப் பார்ப்பார். விளிம்பு பிடிப்பதற்குள் வேகம் ஏறியிருக்கும். பனியைச் சீவும் மெல்லிய ஓசை மாறிக் கரகரவென்று சுரண்டத் தொடங்கினால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து.

பின்சாய்ந்து விழுகையில் கீழ்ப்பக்கப் பலகையின் வால் பனியில் சிக்கி முழங்காலை முறுக்கும், ஏ.சி.எல். தசைநார் கிழிவதற்குப் பேர்போன வழி இது. காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். அது முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமலிருக்கச் செய்யப்பட்டது. சறுக்கல் நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதிப்படி, முன்னால் செல்பவருக்கே முன்னுரிமை. வேகம் உங்கள் திறமைக்கும் பனியின் நிலைக்கும் அடங்கியிருக்க வேண்டும். கால் ஓய்ந்துவிட்டது என்ற சாக்கு அங்கே எடுபடாது. மோதல் நேர்ந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை இருவருக்கும் சமபங்கு தவறு என்றே இத்தாலியின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. ஆகவே பாதை எண்ணைக் குறித்து, படம் எடுத்து, சாட்சிகளின் பெயரையும் தொடர்பு எண்ணையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். அடிபட்டவருக்கு மேலே பலகைகளைக் குறுக்காக நட்டு எச்சரித்து, 112ஐ அழையுங்கள். மலை உணவகங்களில் மதிய ஒயின் தாராளம். ஆனால் போதையில் சறுக்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

இத்தாலியில் 2022 ஜனவரி முதல் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம். அந்தக் காப்பீடு நீங்கள் இடித்தவருக்கான இழப்பீட்டுக்கு மட்டுமே. உங்கள் முழங்கால் சிகிச்சைக்கும் மீட்பு ஹெலிகாப்டருக்கும் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். கிளம்புமுன் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.