வில்லின் நாணைப் பேணுதல்

வெள்ளவத்தை மாடிவீடுகளின் முன்றிலிலே, பூச்சாடிகளில் வாள்போல் நிமிர்ந்து நிற்கும் வரியிலைச் செடியைக் காணாதார் அரியர். அழகுக்காக வளர்க்கப்படும் அச்செடிகளிற் பெரும்பாலானவை ஆபிரிக்க நாட்டிலிருந்து வந்தவை. அவற்றின் இனத்ததாகிய மருளோ இலங்கையின் வறண்ட பகுதிகளில் இயல்பாகவே வளர்வது; சிங்களத்தில் அதனை நியந்த என்பர். ஆங்கிலேயர் அதற்கு 'வில்நாண் சணல்' என்று பெயரிட்டனர். அதன் இலைநாரே முற்காலத்தில் நாணாகத் திரிக்கப்பட்டது. வடமொழியில் நாணைக் குறிக்கும் 'மௌர்வி' என்னும் சொல்லும் 'மூர்வா' என்னும் நார்ச்செடியின் பெயரிலிருந்து பிறந்ததே.

நார் நாணுக்கு ஈரம் பெரும் பகை. 1346ஆம் ஆண்டு பிரான்சிலே கிரெசிப் போர் தொடங்குமுன் மழை பொழிந்தது. ஆங்கில வில்லாளர் நாணைத் தலைக்கவசத்துள் வைத்துக் காத்தனர் என்றும், எதிர்த்தரப்பினரின் நாண்கள் நனைந்து பயனற்றுப்போயின என்றும் அக்காலத்துப் பிரெஞ்சுத் துறவி ஒருவர் எழுதி வைத்துள்ளார்.

இக்காலத்து நாண் செயற்கை இழையாலானது. கொழும்பில் 2006ஆம் ஆண்டு நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலே வில்வித்தையும் இடம்பெற்றது. அத்தகைய போட்டிகளில் நார் நாணைக் காண்பதற்கில்லை. பழைய மரவில்லுக்குச் சற்றே நீளும் இயல்புள்ள டேக்ரன் இழை ஏற்றது. நீளாத புதுவகை இழையைப் பூட்டினால் அதன் அதிர்ச்சியைத் தாங்காது வில்லின் முனை பிளத்தலுமுண்டு.

செயற்கை இழை மழையில் மக்குவதில்லை. ஆயினும் உராய்வு அதனையும் விடுவதில்லை. வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் மணலும் உப்புத் துகளும் காற்றோடு வீடு புகுகின்றன. அவை இழைகளுக்கிடையே தங்கி, நாண் அதிருந்தோறும் அரத்தைப்போல் அராவுகின்றன. ஆகவே முதலில் நாணை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். பின்னர் தேன்மெழுகைத் தடவி, விரல்களுக்கிடையே பிடித்து விரைந்து தேய்த்தால், அச்சூட்டில் மெழுகு இளகி உட்புகும். மெழுகுவர்த்தித் துண்டு இதற்கு உதவாது. அது உலர்ந்து பொருக்காக உதிர்ந்துவிடும். மெழுகை அப்பிவிடுதலும் தவறே. நாண் கனத்தால் அம்பின் விரைவு குறையும். நடுவிலுள்ள காப்புச் சுற்றுக்கு மெழுகு வேண்டியதில்லை.

நாணிலே கூர்ந்து நோக்கவேண்டிய இடங்கள் இரண்டு: வில்முனையில் மாட்டப்படும் கண்ணிகள், அம்பின் குதை பொருந்தும் நடுப்பகுதி. காப்புச் சுற்று தளர்ந்தால் அதனைப் புதிதாகச் சுற்றலாம். உள்ளிருக்கும் இழை ஒன்றேனும் அறுந்திருப்பின் நாணையே மாற்றவேண்டும். மற்றைய இழைகள் தாங்கும் என்று எண்ணுவோர் பலர். எய்யும்போது நாண் அறுமாயின், அம்போடு செல்லவேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே பாயும். வில் பிளந்து சிதறும். எய்பவரின் முகமோ அதற்கு மிக அருகில் இருக்கிறது. நாணின் விலை வில்லின் விலையிற் சிறு பகுதியே. கண்ணுக்கு விலையேது?

நாணேற்றிய வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். முனை வளைந்த இக்கால வில்லுக்கு அது பெரும்பாலும் 20 முதல் 24 சென்ரிமீற்றர் வரை இருக்கும். நாண் நீண்டால் இடைவெளி குறையும். நாண் மணிக்கட்டில் அடிக்கும். கண்ணியைக் கழற்றி நாணுக்குச் சில முறுக்குகள் கூட்டினால் அது குறுகிப் பழைய அளவு திரும்பும்.

பயிற்சி முடிந்ததும் மரவில்லின் நாணை இறக்கிவிடல் வேண்டும். இறக்காது விட்ட வில் வளைந்தபடியே நின்று வலிமை குன்றும். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான பழைய வீடுகளில், வெயில் காணாத ஈரச்சுவரில் அதனைச் சாத்திவைத்தலும் ஆகாது. உலர்ந்த அறையில் கிடையாகத் தாங்கிவைப்பதே முறை. நாணைச் சுருட்டி ஒரு துணிப்பையில் இடலாம். அப்பையிலே இன்னொரு நாணும் இருத்தல் நன்று. புதிய நாண் முதலில் நீளும் இயல்பினதாதலால், அதனையும் முன்னரே சில நாள் பூட்டி எய்து பழக்கி வைத்திருக்கவேண்டும்.