தமிழ்த் தரவுத்தள வினவல்களில் பிழையறிதல்: மணப்பாறை, ஸ்ரீரங்கம் வட்டார ஊர்ப்பெயர்களை முன்வைத்து

முன்னுரை

தரவுத்தளம் பிழைச்செய்தி காட்டுவது ஆய்வாளருக்கு நன்மையே. பிழை இருப்பதாவது தெரிந்துவிடுகிறது. வினவல் தடையின்றி நிறைவேறி, ‘பதிவு எதுவும் இல்லை’ என்று விடை தருவதே தீங்கானது. ஒரு சொல் ஒரு தொகுப்பில் பயிலவில்லை என்ற முடிவுக்கு அவ்வெற்று விடையே சான்றாகிவிடக்கூடும். இத்தகைய பிழைகளின் காரணங்களைத் திருச்சிராப்பள்ளி மாவட்ட ஊர்ப்பெயர்கள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு சொல், மூன்று நீளம்

‘மணப்பாறை’ இலக்கணப்படி 5 எழுத்துகளைக் கொண்ட சொல். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ஆதலால் அச்சொல் அங்கு 8 குறியீடுகளாகிறது. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இக்குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறுவதால் மொத்தம் 24 பைட்டு. பிஎச்பி போன்ற மொழிகளில் நீளத்தைப் பைட்டால் அளக்கும் செயற்கூறும் குறியீட்டால் அளக்கும் செயற்கூறும் வேறுவேறானவை. முன்னதைக் கொண்டு தலைப்பைச் சுருக்கினால் சொல்லின் இறுதி சிதைவது இதனாலேயே.

சேமிப்புப் பிழையை அறியவும் இவ்வெண்கள் உதவும். அட்டவணையில் உள்ள அச்சொல்லின் பைட்டு நீளத்தை வினவும்போது 24 எனக் கிடைத்தால் சேமிப்பு சரியானது. குறையை வழங்கிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பிலோ வலைப்பக்கத்தின் குறியேற்ற அறிவிப்பிலோ தேடவேண்டும். 48 எனில், யூடிஎஃப்-8 பைட்டுகள் இலத்தீன் எழுத்துகளாகக் கொள்ளப்பட்டு மீண்டும் ஒருமுறை குறியேற்றப்பட்டுள்ளன. அதே தவறான இணைப்பின் வழியே படிக்கும் பழைய நிரலில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். வழங்கியை மாற்றிய அன்றுதான் ஐரோப்பிய எழுத்துக் குவியல் வெளிப்படும். இது மீட்கத்தக்கது. 8 எனில், அங்கிருப்பவை 8 கேள்விக்குறிகள். அவற்றிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மூல ஆவணத்திலிருந்து மீண்டும் உள்ளிடவேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என வழங்கிவந்த பழைய வகை ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு வரையே இடமளிக்கிறது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2014இல் ஒருங்குறியில் இடம்பெற்ற கிரந்த எழுத்துகளும், 2019இல் சேர்ந்த மா, காணி, முந்திரி முதலிய பின்ன அளவுகளின் குறிகளும் 4 பைட்டு கொள்வன. கண்டிப்பு முறை இயங்காத நிறுவல்களில் இத்தகைய குறி வரும் இடத்தோடு உரை துண்டிக்கப்படும். அதாவது, நிலத்தின் அளவு தொடங்கும் இடத்தில் கல்வெட்டு வாசகம் முடிந்துவிடும். 4 பைட்டு வகையையே தேர்தல் வேண்டும், மைஎஸ்கியூஎல் 8.0இல் அதுவே இயல்பிருப்பு.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

‘பொன்மலை’, ‘தொட்டியம்’ ஆகிய பெயர்களில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு இல்லை. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் இரண்டாம் வடிவம் இடம்பெறுவதுண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இயல்பான சமன்மை ஒப்பீடு பைட்டு அளவிலானது. அதற்கு இவை இருவேறு ஊர்கள். உள்ளிடும்போதும் தேடும்போதும் ஒருங்குறி இயல்பாக்கம் செய்வதே தீர்வு. அதற்கான செயற்கூறு 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பிலிருந்து அதில் உள்ளது.

ஸ்ரீரங்கத்தின் சிக்கல் இதனினும் கடியது. அதன் முதலெழுத்தை ‘ஸ’ கொண்டும் உருவாக்கலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் உருவாக்கலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. இவற்றை ஒருங்குறி இணையானவையாகக் கருதாமையால் இயல்பாக்கம் இங்குப் பயன்படாது. இரண்டில் ஒன்றைத் தரமாகக் கொண்டு மற்றதை நிரலே மாற்றவேண்டும். ‘திருவரங்கம்’, ‘சீரங்கம்’ ஆகிய வழக்குகளையும் கருதினால், மாற்றுப்பெயர்களுக்கென ஓர் அட்டவணை தவிர்க்க இயலாதது.

அகரவரிசையும் முன்னொட்டுத் தேடலும்

தமிழ் அகரவரிசையில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். ஆகவே ‘மண்ணச்சநல்லூர்’ முந்தியும் ‘மணப்பாறை’ பிந்தியும் நிற்கவேண்டும். குறியீட்டு எண்வரிசையில் புள்ளி, மெய்க்குறியீடுகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னே அமைந்திருப்பதால் இவ்வரிசை தலைகீழாகிறது. ‘ன’, ‘ற’ ஆகியனவும் முறையே ‘ந’, ‘ர’ ஆகியவற்றை அடுத்து நிற்கின்றன. சொல்லடைவு தொகுப்போர் இதனைக் கவனியாமல் விட்டால் அடைவே பிழைபடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த பின்னும் இவ்விரு பெயர்களை இட்டு வரிசையைச் சரிபார்த்தல் நன்று.

இதே காரணத்தால் ‘மண’ என்று தொடங்கும் ஊர்களைக் கேட்கும் எளிய வினவல், மணப்பாறையோடு மண்ணச்சநல்லூரையும் மணிகண்டத்தையும் சேர்த்தே தரும். இங்கு விடை வெறுமையாக இல்லை, மிகுதியாக இருக்கிறது. எண்ணிக்கை அடிப்படையிலான ஆய்வுக்கு இதுவும் தீங்கே. அடுத்து வரும் குறியீடு புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருத்தல் கூடாது என்னும் நிபந்தனையை வினவலில் சேர்த்த பிறகே விடையை எண்ணுதல் தகும்.